அப்படியா அண்ணனும் பக்கத்துப் பள்ளமும்

"கடைசி வரி தெரியுதா?" என்று கேட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவர் வாயைத் திறப்பதற்குள் அட்டையைக் கழற்றித் தலைகீழாக மாட்டிவிடுவார். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வெளியே காத்திருக்கும்போதே அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள் என்பது அவருடைய கட்சி. அதனால் அவர் கடையில் எழுத்துள்ள அட்டையே கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு திசையில் பல்லை நீட்டிக்கொண்டிருக்கும் சீப்பு போன்ற குறிகள் உள்ள அட்டைதான். எப்படித் திருப்பினாலும் அது ஒரு புது அட்டை. "பல்லு எந்தப் பக்கம் இருக்குன்னு கையால காட்டுங்க. வாயால சொன்னா நான் நம்பமாட்டேன்" என்பார்.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற அவரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "அப்படியா அண்ணன்" என்றால்தான் தெரியும். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருகிற சொல் "அப்படியா?" மற்றவர்கள் சொல்லும்போது அதில் கொஞ்சம் ஆச்சரியம் இருக்கும். இவர் சொல்லும்போது போலீஸ்காரர் லைசென்ஸைக் கேட்கிற தொனி இருக்கும். மழை பெய்கிறது என்று சொன்னால் கூட "அப்படியா?" என்று கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். நாள்காட்டியில் தாளைக் கிழித்த கையோடு அன்றைய செய்தித்தாளை எடுத்துத் தேதியை ஒப்பிடுவார். ஒரு டாக்டர் ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று சொன்னால், முதல் டாக்டரைப் பார்த்ததையே மறைத்துவிட்டு இன்னொரு டாக்டரிடம் போய்க் கையை நீட்டுவார்.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னால நாலு பேர்கிட்ட விசாரிச்சார்" என்று அவர் மனைவி சொல்வதுண்டு. "நாலு பேரும் தங்கமான பொண்ணுன்னு சொல்லிட்டாங்க. அதுல சந்தேகம் வந்து ஆறு மாசம் தள்ளிப்போட்டார்." கடையில் ஃபிரேமுக்குள் கண்ணாடியைப் பொருத்தித் திருகாணி முடுக்குகிற வேலை அந்த அம்மாளுடையது. ஊசி முனை போன்ற திருப்புளியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமலே கணவரின் எல்லா வாதங்களுக்கும் பதில் சொல்லிவிடுவார்.

கடை தரைத்தளம். வீடு அதே கட்டடத்தின் மூன்றாவது மாடி. கிழக்குப் பக்கம் ஒரு பழைய தங்கும் விடுதி இவர்கள் கட்டடத்தோடு தோள் உரசிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் காரை பெயர்ந்த சுவர்தான் தெரியும். போன வருஷம் விடுதியை இடித்தார்கள். அந்தச் சுவர் விழுந்த மறுநாள் காலை, வெயில் நேராக வீட்டுக்குள் வந்து கட்டிலில் படுத்திருந்தவர்கள் மேல் விழுந்தது.

"ஏங்க, நம்ம வீட்டுக்குள்ள வெயில் வந்திருக்குங்க!" என்று மனைவி எழுந்து உட்கார்ந்தார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு சமைத்தவர் அவர்.

"அப்படியா?" என்று இவரும் எழுந்து வந்தார். ஜன்னலுக்கு வெளியே திடீரென்று பெரிதாகிவிட்ட வானத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு வெளிச்சம் சும்மா வராது. இதுக்கு என்ன விலை கேக்கப் போறானோ."

கேட்கவும் செய்தார்கள். விடுதி இருந்த இடத்தில் நாற்பது மாடிக் கட்டடம் வரப்போகிறது என்று பலகை வைத்தார்கள். தெருப்பக்கம் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு தகரம் அடித்து மறைத்தார்கள். இயந்திரங்கள் இறங்கின, தரை அதிர்ந்தது, பள்ளம் நாளுக்கு நாள் ஆழமானது. தெருவில் போகிறவர்களுக்குத் தகரம்தான் தெரியும். மூன்றாவது மாடி ஜன்னலுக்கோ பள்ளத்தின் வயிறே தெரியும். கண்ணாடிக்காரர் காலை டீயை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கினார். கடை திறக்கிற நேரம் வரை அங்கேயே இருப்பார். பால்காரர் மணி அடித்தாலும் திரும்பமாட்டார்.

அவருக்குப் பள்ளத்தில் எல்லாமே சந்தேகம்தான். மண் ஏற்றிய லாரிகளைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு போகிறார்களே, வெறும் மண்ணை எதற்கு மூட வேண்டும்?

"தூசி பறக்காம இருக்கத்தான் அண்ணே" என்றார் பக்கத்து மருந்துக்கடைக்காரர்.

"அப்படியா? கீழ என்னமோ கெடச்சிருக்கு. உனக்குப் பழகுன நாலு பேர்கிட்ட சொல்லி வை, நான் சொன்னேன்னு சொல்லாத."

பள்ளத்தில் ஊறிய தண்ணீரை பம்ப் வைத்து இறைத்தார்கள். அது நம் கட்டடத்துக்கு அடியில் இருக்கிற தண்ணீர்தான், அதை உறிஞ்சிவிட்டால் நம் கட்டடம் உள்வாங்கும் என்பது அவர் முடிவு. அதிர்வு எவ்வளவு என்று பார்ப்பதற்காக ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார். மத்தியானம் சாப்பிட வந்து பார்த்தால் தண்ணீர் பாதிதான் இருந்தது. "பாத்தியா, பாத்தியா! இவ்வளவு ஆட்டம் ஆடியிருக்கு, பாதித் தண்ணி தளும்பிக் கொட்டியிருக்கு!" என்று கத்தினார்.

"தாகமா இருந்துச்சு. நான்தான் குடிச்சேன்" என்றார் மனைவி.

"அப்படியா?" என்று விளிம்பைத் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

ஒருநாள் அந்த வேலைக்குப் பொறுப்பான இன்ஜினியர் பெண் மஞ்சள் தொப்பியோடு வீடு வீடாக வந்தாள். அதிர்வு கொஞ்சம் இருக்கும், பயப்பட வேண்டாம், சுவரில் ஏற்கெனவே இருக்கிற விரிசல்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறோம், புதிதாக ஏதாவது வந்தால் நாங்களே சரிசெய்து தருவோம் என்றாள். அவள் போன பிறகு கண்ணாடிக்காரர் வெகுநேரம் நாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "கேக்காமலே ஒருத்தன் நல்லது செய்றான்னா அங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. அவர் வழக்கம்போல டீயும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பள்ளத்தின் அடியிலிருந்து அந்தப் பெண் நிமிர்ந்து இவரைப் பார்த்துக் கையசைத்தாள். இவர் டீயோடு கீழே குனிந்துகொண்டார். பார்க்கிறவனைப் பார்த்துவிட்டார்கள்! இனிமேல் இவர் கண்ணுக்குப் படாத மூலையில் அல்லவா தில்லுமுல்லு செய்வார்கள்?

அன்றைக்கே கார் கண்ணாடியில் ஒட்டுகிற பளபளப்புத் தாளை வாங்கிவந்து ஜன்னல் கண்ணாடி முழுவதும் ஒட்டினார். உள்ளே இருந்து பார்த்தால் ஊரே தெரியும். வெளியே இருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். சாயங்காலம் மனைவியை ஜன்னலுக்குப் பின்னால் நிற்கவைத்து, கையை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, தான் கீழே இறங்கிப் போய் அண்ணாந்து பார்த்தார். எதுவும் தெரியவில்லை. திருப்தி. மேலே ஏறி வந்தபோது மனைவி இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பொறந்ததுலேர்ந்து இருட்டுல கிடந்த வீடு. இப்பதான் நாலு நாள் வெயிலைப் பாத்துச்சு" என்றார் அந்த அம்மாள். "கட்டடம் எழும்பிட்டா மறுபடியும் இருட்டுதான். அதுவரைக்குமாவது வெளிச்சத்தை விட்டுவைக்கக் கூடாதா? பாதி வெளிச்சத்தை ஒட்டி மூடிட்டீங்களே."

"வெளிச்சம் முக்கியமா, வீடு முக்கியமா?"

அந்த அம்மாள் எழுந்து போய் விளக்கைப் போட்டார். தாள் ஒட்டிய ஜன்னலுக்குப் பின்னால் அவர் சுதந்திரமாகப் பார்க்கத் தொடங்கினார்.

அப்போது பள்ளத்தில் அஸ்திவாரத் தூண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. தரையில் கிணறு போல ஆழமாகத் துளை போட்டு, அதற்குள் கம்பியால் கட்டிய நீளமான கூட்டைக் கிரேனில் தூக்கி இறக்கி, பிறகு கான்கிரீட் ஊற்றுவார்கள். கிரேன் ஓட்டுகிறவருக்குத் துளை தெரியாது. அவருக்குக் கண்ணாக எதிர்ப்பக்கத்தில் ஒருவர் இரண்டு கொடிகளோடு நிற்பார். பச்சைக் கொடி தாழ்ந்தால் இறக்கு, உயர்ந்தால் தூக்கு, சிவப்பு குறுக்கே வந்தால் நிறுத்து. அந்தக் கொடிக்காரர் நடு வயதுக்காரர், ஒல்லி, நின்ற இடத்தில் ஆணி அடித்தது போல நிற்பவர். இரண்டு லாரி நீளக் கம்பிக்கூடு அவர் மணிக்கட்டு அசைவுக்கு ஆடாமல் அசங்காமல் இறங்கும்.

பள்ளத்திலேயே கண்ணாடிக்காரர் குறை சொல்லாத ஒரே ஆள் அவர்தான். அதுவும் நிலைக்கவில்லை. ஒரு காலையில் கொடிக்காரர் கண்ணைச் சுருக்குவதைப் பார்த்தார். மறுநாளும் சுருக்கினார். தலையைச் சாய்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயில் என்றும் சொல்ல முடியாது. அவர் மேற்கே பார்த்து நிற்கிறார், காலைச் சூரியன் அவருக்கு முதுகுப் பக்கம். முதுகில் வெயில் அடிக்கும்போது ஒருவன் ஏன் கண்ணைச் சுருக்க வேண்டும்?

"அந்தக் கொடிக்காரனுக்குக் கண்ணு போயிடுச்சு" என்று கடையில் அறிவித்தார். "கிட்டப் பார்வை. தூரத்துல இருக்கிறது தெரியாது. முத்திப்போயிருக்கு. நம்மகிட்ட வர்றவங்க எல்லாம் இப்படித்தானே சுருக்குவாங்க? வேலை போயிடும்னு மறைக்கிறான்."

"மத்தியானம் துணி எடுக்கப் போகும்போது நானும் பாக்குறேன். நல்லாத்தானே நிக்கிறார்?" என்றார் மனைவி, திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்படியா? முப்பது வருஷமா கண்ணு பாக்குறவன் நானா நீயா?"

அந்த வாரத்திலேயே அது நடந்தது. கம்பிக்கூடு துளையின் வாய்க்கு வந்துவிட்டது. இரண்டு பேர் அதைக் கையால் பிடித்து நேராக்கிக்கொண்டிருந்தார்கள். கொடிக்காரர் சட்டென்று முகத்தைச் சுளித்து, கண்ணுக்கு நேரே கையைத் தூக்கி மறைத்தார். அது பச்சைக் கொடி பிடித்திருந்த கை. கிரேன்காரர் கொடி உயர்ந்ததைத்தான் பார்த்தார். கூடு விருட்டென்று மேலே எழும்பி ஆடியது. பிடித்திருந்தவர்களில் ஒருவர் தோளில் அடி வாங்கித் தூரப் போய் விழுந்தார். தொப்பி உருண்டு துளைக்குள் போயிற்று. கொஞ்சம் தவறியிருந்தால் தொப்பியோடு தலையும் போயிருக்கும்.

கண்ணாடிக்காரரின் டீ நாற்காலியில் கொட்டியது. செருப்பைக்கூட மாட்டாமல் மூன்று மாடி இறங்கி, தகரக் கதவைப் படபடவென்று தட்டினார். வாட்ச்மேன் தடுத்தார். "உள்ள ஒருத்தர் செத்திருப்பார். உங்க இன்ஜினியரைக் கூப்பிடு" என்று போட்ட சத்தத்தில் அந்தப் பெண்ணே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அடிபட்டவரை அப்போதுதான் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

"அந்தக் கொடிக்காரருக்குக் கண்ணு சரியில்லைம்மா. ஒரு வாரமா பாக்குறேன். கண்ணைச் சுருக்குறார், துடைக்கிறார். நான் கண் பரிசோதிக்கிறவன், தெரியாம சொல்லல."

அவள் பள்ளத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எதிர்ல இருந்து வெளிச்சம் அடிக்குதுன்னு அவர் சொல்றார். எதிர்ல என்ன இருக்கு, சுவர்தானே?"

"அப்படியா? சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கு. எதிர்ல இருந்து எப்படிம்மா அடிக்கும்?"

மத்தியானம் அவள் அந்த இடத்தில் போய் நின்று பார்த்ததாகவும், எந்த வெளிச்சமும் அடிக்கவில்லை என்றும், கொடியைப் பிடுங்கிக் கொடிக்காரரைக் கம்பி சுமக்கிற வேலைக்கு மாற்றிவிட்டதாகவும் சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் செய்தி கொண்டுவந்தார். கண்ணாடிக்காரர் அன்றைக்கு ஒரு பிடி அதிகமாகவே சாப்பிட்டார். இத்தனை நாள் பார்த்திருந்தது வீண் போகவில்லை.

இரண்டொரு நாள் கழித்து, சாப்பாட்டு வேளையில் கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார். சட்டையெல்லாம் துரு. தோளில் கம்பி சுமந்த தடிப்பு. மேலே இருந்து பார்த்த ஆளை நேருக்கு நேர் பார்த்தபோது கண்ணாடிக்காரருக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என் கண்ணைப் பத்தி சொன்னது நீங்கதானாமே சார்" என்றார் கொடிக்காரர். குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. "எனக்கும் பயமாயிடுச்சு. என் ஆளு ஒருத்தன் கைக்கட்டோட கிடக்கான். நெசமாவே கண்ணு போயிருந்தா நான் அங்க நிக்கக் கூடாது. பாத்துச் சொல்லுங்க."

உட்காரவைத்தார். அட்டையை மாட்டினார். கொடிக்காரர் கையால் காட்டினார். மேல், வலது, கீழ், கீழ், இடது. பிறந்ததிலிருந்து சைகை காட்டியே வாழ்ந்தவர் போல வெட்டி வெட்டிக் காட்டினார். கடைசி வரி வரை ஒன்றும் தப்பவில்லை. கண்ணாடிக்காரர் அட்டையைத் திருப்பினார். தப்பவில்லை. பக்கவாட்டில் திருப்பினார். ஒரு கண்ணை மூடச் சொன்னார், மற்றதை மூடச் சொன்னார். தப்பவில்லை. கடைசியில் வாசலுக்கு அழைத்துப்போய், தெருக்கோடியில் நின்ற பஸ்ஸைக் காட்டினார்.

"நம்பரா சார்? நம்பருக்குக் கீழ சின்னதா எழுதியிருக்கே, அதையும் படிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அதையும் படித்தார். கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்குப் பஸ்ஸே மங்கலாகத்தான் தெரிந்தது.

"அப்புறம் எதுக்குய்யா கண்ணைச் சுருக்குனீங்க?"

"வெளிச்சம் சார். காலையில மட்டும். எதிர்க் கட்டடத்துல மேல ஒரு ஜன்னல். கொஞ்ச நாள் முன்னால வரைக்கும் ஒண்ணும் இல்ல. திடீர்னு ஒருநாள் அங்கேருந்து பளீர்னு கண்ணுல குத்துது. வெயில் மேல ஏறிட்டா போயிடும். மேஸ்திரிகிட்ட சொன்னேன், வெயிலுக்குப் பயந்தவன் வீட்ல இருன்னு சிரிச்சார். யாரோ வேலையைக் கெடுக்கணும்னே கண்ணாடி காட்டுறான்னு எங்க ஆளுங்க பேசிக்கிறாங்க. யார்னு தெரிஞ்சா ஒரு வழி பண்ணிடுவாங்க. அந்தப் பக்கம் யார் குடியிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

கடைக்குள் திருப்புளி நின்றது. அந்த அம்மாள் தலை நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார் கண்ணாடிக்காரர். கிழக்கே பார்த்த ஜன்னல், முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளக்கிற தாள், எதிரே ஏறி வருகிற காலைச் சூரியன். வெளிச்சம் எங்கே பட்டு எங்கே திரும்பும் என்பதை விற்றுச் சாப்பிடுகிற மனிதர் அவர். "மேல... பல பேர் இருக்காங்க" என்று முணுமுணுத்தார். "உங்க கண்ணுல குறை இல்ல. போய்ட்டு வாங்க."

கொடிக்காரர் போன பிறகு கண்ணாடிக்காரர் அட்டையைக் கழற்றி வைத்தார். கடையைப் பூட்டாமலே மாடி ஏறினார். நகத்தால் ஓரத்தைக் கிள்ளித் தாளைப் பரபரவென்று உரித்தார். அறைக்குள் வெளிச்சம் முழுசாக வந்தது. பின்னாலேயே வந்த மனைவி வாசற்படியில் நின்றார்.

"உரிச்சிட்டா ஆச்சா?" என்றார்.

"இனிமே அடிக்காதுல்ல? வேற என்ன செய்யணுங்கற?"

"அந்த மனுஷன் கம்பி தூக்கிட்டிருக்கார்."

மறுநாள் பாதி தைரியத்தோடு போய் இன்ஜினியர் பெண்ணைப் பார்த்தார். "நான் சோதிச்சுப் பாத்துட்டேன். அவர் கண்ணு நூத்துக்கு நூறு. நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். திரும்ப வேலைக்கு வைங்கம்மா" என்றார். இவ்வளவு போதும் என்று நினைத்திருந்தார்.

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "கண்ணு சரியில்லாட்டி ஒரு கண்ணாடி போட்டு நிறுத்தியிருப்பேன் சார். கண்ணு நல்லா இருந்தும் கையைத் தூக்கினார்னா, கவனம் இல்லைன்னுதானே அர்த்தம்? அது இன்னும் மோசம். இந்த வாரத்தோட அவரை அனுப்பிடலாம்னு மேஸ்திரி சொல்றார்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. கண்ணாடிக்காரர் திரும்பி நடந்து தகரக் கதவு வரை வந்துவிட்டார். வாட்ச்மேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். என்ன நினைத்தாரோ, அங்கிருந்து மறுபடி திரும்பி, சேற்றில் செருப்பு ஒட்ட ஒட்ட நடந்து வந்தார்.

"வெளிச்சம் அடிச்சது நெசம்மா. என் ஜன்னல்தான். உங்களை யாருக்கும் தெரியாம பாக்கணும்னு பளபளா தாள் ஒட்டியிருந்தேன். அது உங்க ஆள் கண்ணுல அடிச்சிருக்கு. நேத்துதான் உரிச்சேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்படியா?" என்றாள்.

வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சொல் தன் மேல் விழுவதை அவர் உணர்ந்தார். வலித்தது.

"அவர் மேல பரிதாபப்பட்டுச் சொல்றீங்க" என்றாள் அவள். "நல்ல மனசு சார். ஆனா நான் அங்க நின்னு பாத்தேன், ஒண்ணும் இல்ல."

"நீங்க மத்தியானம் பாத்தீங்க! காலையில பாருங்க. நாளைக்குக் காலையில அந்த இடத்துல அவர் மாதிரியே கொடியோட நில்லுங்க. நான் பொய் சொல்றேனா இல்லையான்னு நீங்களே பாத்துக்கங்க."

நம்பாதவரை நம்பவைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது அன்று இரவெல்லாம் அவருக்கு விளங்கியது. உரித்த தாள் சுருண்டு கசங்கிவிட்டது, மறுபடி ஒட்ட முடியாது. கடையில் வாடிக்கையாளர் முகம் பார்க்கிற பெரிய கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றினார். அவர் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாகப் பிடித்து, "பார்த்துங்க", "நீ பாரு" என்று திட்டிக்கொண்டே மூன்று மாடி ஏற்றினார்கள். விடிந்ததும் ஜன்னல் சட்டத்தோடு சட்டமாக அதை வெளிப்பக்கம் பார்க்க நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

எதிர்ப்பக்கத்தில் இன்ஜினியர் பெண் இரண்டு கொடிகளோடு நின்றாள். பக்கத்தில் மேஸ்திரி சிரித்துக்கொண்டு நின்றார். வேலையாட்களும் கூடிவிட்டார்கள். கிரேனில் வெறும் கொக்கிதான் தொங்கியது. துளைகளின் பக்கம் யாரும் இல்லை. தகரத்துக்கு மேலே சூரியன் எழும்பியது.

"ஐயோ!" என்று கத்திக்கொண்டு அந்தப் பெண் முகத்தை மறைத்தாள். பச்சைக் கொடி பிடித்த கையாலேயே மறைத்தாள். விவரம் தெரியாத கிரேன்காரர் கொக்கியை விருட்டென்று மேலே தூக்கினார்.

கொக்கி உச்சியில் போய் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். மேஸ்திரி மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தார். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கொக்கியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கம்பிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்ற கொடிக்காரரிடம் நேராக நடந்துபோய், இரண்டு கொடிகளையும் அவர் கையில் கொடுத்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. தோளில் அடிபட்டவர் கழுத்துத் துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு டீக்கடைக்கு வந்தபோது, "அந்த ஜன்னல் உங்களுதா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றார் கண்ணாடிக்காரர். அடிபட்டவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் அவர் இருக்கிற நேரம் பார்த்துத் தவிர்த்துத்தான் இவர் டீ குடிக்கப் போகிறார்.

குணம் மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. லாரிகளை ஏன் மூடுகிறார்கள் என்கிற கேள்வி அப்படியே இருக்கிறது. அட்டை தலைகீழாகத் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. ஜன்னலில் மட்டும் தாள் இல்லை, திரை கூட இல்லை. காலை வெயிலில் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கீரை ஆய்கிறார். இன்னும் சில மாதத்தில் கட்டடம் தலையெடுத்துவிடும், அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெயிலை வாங்கிக்கொள்கிறவர் போல. கண்ணாடிக்காரர் பக்கத்தில் நின்று பள்ளத்தைப் பார்க்கிறார். யார் வேண்டுமானாலும் அவரைப் பார்க்கலாம்.

நேற்று அப்படி நின்றிருந்தபோது மனைவி உள்ளே போயிருந்தார். கீழே ஒரு கம்பிக்கூடு பத்திரமாக உள்ளே இறங்கி முடிந்தது. கொடிக்காரர் கொடிகள் இரண்டையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நெற்றியைத் துடைத்தார். பிறகு அண்ணாந்து ஜன்னலைப் பார்த்து, வெறும் கையைத் தூக்கி ஆட்டினார்.

கண்ணாடிக்காரர் சட்டென்று திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.